வலி மாத்திரை: யாருக்கு, எதனுடன், எத்தனை நாள்?

மூட்டுவலிக்கு மாத்திரை போடலாமா, கூடாதா? திருச்சியில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவிடம் வெளியூர் மகன், "கிட்னி போயிடும், அதைத் தொடாதீங்க" என்று போனில் சொல்வார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர், "ராத்திரி ஒண்ணு போட்டாத்தான் காலையில எந்திரிக்க முடியும்" என்பார். மருத்துவர் ஐந்து நாளுக்கு எழுதிய சீட்டு, ஐந்து மாதம் கழித்தும் மருந்துக் கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கும்.

இங்கே பேசப்படுபவை டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்ஸன், மெஃபனாமிக் அமிலம், நிமிசுலைடு, எட்டோரிகாக்சிப் போன்ற மருந்துகள். ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் என்று பாடநூல்கள் இவற்றை வகைப்படுத்துகின்றன. பாரசிட்டமால் இந்த வகையில் சேராது. அது வலியையும் காய்ச்சலையும் தணிக்கும், அழற்சியைக் குறைப்பது மிகச் சொற்பம்.

இவற்றின் தீங்கு எங்கே இருக்கிறது என்பதற்கு நூறாண்டுகளில் பல விடைகள் வந்துள்ளன. முதலில் வயிறு என்றார்கள், பிறகு இதயம், இப்போது சிறுநீரகம். பெரும்பாலும் அந்த விவாதங்கள் ஒரு மாத்திரையை இன்னொன்றோடு ஒப்பிட்டே நடந்தன. எல்லா விடைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மாத்திரையின் பெயருக்கு நிகராக, ஒருவேளை அதைவிடவும் கூடுதலாக, மூன்று விஷயங்கள் ஆபத்தைத் தீர்மானிப்பதாகத் தெரிகிறது: விழுங்குபவரின் உடல்நிலை, கூடவே விழுங்கும் மற்ற மருந்துகள், விழுங்கும் நாட்கள்.

பட்டையிலிருந்து மாத்திரைக்கு

வலிக்கு வைத்தியம் தேடிய வரலாறு காவிரித் தீவில் பழையது. 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டு, அங்கிருந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததையும் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததையும் சொல்கிறது. சித்த மருத்துவம் வாத நோய்களை 80 என வகுத்தது. மூட்டுப் பிடிப்பும் இடுப்பு வலியும் அதில் அடங்கும். முடக்கத்தான் தோசை, நொச்சி ஒத்தடம், தைலம் ஆகியவை இன்றும் வீடுகளில் புழங்குகின்றன.

ஐரோப்பாவில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், வில்லோ மரப் பட்டைப் பொடி காய்ச்சலைத் தணிப்பதாக 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக 1897இல் பேயர் நிறுவன ஆய்வகத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அசிட்டைல்சாலிசிலிக் அமிலத்தைத் தூய நிலையில் தயாரித்தார். 1899இல் அது ஆஸ்பிரின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1971 வரை தெளிவான விளக்கம் இல்லை. அந்த ஆண்டு ஜான் வேன், இவ்வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

பின்னால் வந்த எல்லா விவாதங்களுக்கும் இந்தக் கண்டுபிடிப்பே அடிப்படை. புரோஸ்டாகிளாண்டின் வீக்கத்தையும் வலியையும் கூட்டுகிறது. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, தேவைப்படும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே பலனும் தீங்கும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட முடியுமா என்பதே அடுத்த ஐம்பது ஆண்டுகளின் கேள்வி.

முதல் விடை: வயிறு

1938இலேயே லண்டன் மருத்துவர்கள் டவுத்வெயிட்டும் லின்டாட்டும் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஆஸ்பிரின் உட்சுவரைச் சிவக்கவைப்பதைப் பதிவு செய்தார்கள். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு, துளை விழுதல் ஆகியவை வலி மாத்திரைகளின் அறியப்பட்ட தீங்குகளாயின. "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று மருந்துக் கடையில் சொல்வது இந்த விடையின் மிச்சம்தான்.

அந்த அறிவுரை வயிற்று எரிச்சலைக் குறைக்கலாம். புண்ணைத் தடுக்கும் என்று நம்புவதற்கில்லை. மருந்து உட்சுவரில் நேராகப் படுவது ஒரு பகுதிதான். ரத்தத்தில் கலந்து புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதே பெரும்பகுதி. அதனால் "எனக்கு மாத்திரை ஒத்துக்காது, ஊசியாப் போட்டுடுங்க" என்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் ஊசியும் இரைப்பையைத் தப்பவிடாது.

எந்த மருந்தில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2013இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு நல்ல அளவுகோல். நூற்றுக்கணக்கான சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த அது, அதிக அளவில் எடுத்துக்கொள்ளும்போது மேல் இரைப்பைச் சிக்கல்கள் எட்டோரிகாக்சிப் போன்ற காக்சிப் வகையிலும் டைக்ளோஃபினாக்கிலும் ஏறக்குறைய இரண்டு மடங்காகவும், ஐபுபுரூஃபனிலும் நாப்ராக்ஸனிலும் ஏறக்குறைய நான்கு மடங்காகவும் கூடுவதாகக் கண்டது.

கூடவே எழுதப்படும் 'கேஸ் மாத்திரை' இதற்கான தீர்வாக வந்தது. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை இரைப்பைப் புண்ணை வெகுவாகக் குறைக்கின்றன. வயதானவர்களுக்கும் முன்பு புண் வந்தவர்களுக்கும் அவை அவசியம். அவற்றின் காவல் எல்லை சிறியது. அமிலம் சுரக்காத சிறுகுடலில் ஏற்படும் காயத்தை அவை தடுப்பதில்லை; இதயத்தையும் சிறுநீரகத்தையும் அவை தொடுவதே இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பையில் இருந்தால் ஆபத்து மேலும் கூடும்; அந்தக் கிருமி இந்தியாவில் பரவலானது. முதியவர்களிடம் ரத்தக்கசிவு பல நேரம் வயிற்றுவலி என்ற முன்னறிவிப்பில்லாமல் வருகிறது. மலம் தார்போல் கறுப்பாகப் போவதும், காரணமில்லாமல் வரும் சோகையும் மூச்சிரைப்பும் முதல் அடையாளமாக இருக்கலாம். "கேஸ் மாத்திரை சேத்துத்தானே போடறேன்" என்ற நிம்மதி இங்கே பாதிதான் சரி.

இரண்டாம் விடை: இதயம்

1990களின் தொடக்கத்தில், புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதி இரண்டு வகை என்பது தெரியவந்தது. காக்ஸ்-1 இரைப்பையைக் காக்கிறது, காக்ஸ்-2 அழற்சியில் கூடுகிறது என்று எளிமையாகப் பிரித்து, இரண்டாவதை மட்டும் தடுக்கும் மருந்துகளை, அதாவது காக்சிப்களை, தேடினார்கள். செலெகாக்சிப் 1998இலும் ரோஃபெகாக்சிப் 1999இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

2000இல் வெளியான விகார் சோதனையில் 8,076 பேர் பங்கேற்றனர். நாப்ராக்ஸனை விட ரோஃபெகாக்சிப்பில் இரைப்பைச் சிக்கல்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மாரடைப்போ கூடியது. ரோஃபெகாக்சிப் கெடுதல் செய்யவில்லை, நாப்ராக்ஸன்தான் இதயத்தைக் காத்தது என்ற விளக்கம் சில காலம் ஓடியது. குடல் கட்டிகளுக்காக, மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த அப்ரூவ் சோதனை அந்த விளக்கத்தை உடைத்தது. 2004 செப்டம்பர் 30 அன்று தயாரிப்பு நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அதே ஆண்டு டிசம்பரில் தடை வந்தது.

ஆபத்து காக்சிப்களோடு முடியவில்லை. 2013 தொகுப்பாய்வின்படி, டைக்ளோஃபினாக்கையோ காக்சிப்பையோ அதிக அளவில் ஓராண்டு எடுக்கும் ஆயிரம் பேரில், எடுக்காதவர்களை விடக் கூடுதலாக மூன்று பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வு வரும்; அவற்றில் ஒன்று உயிரைப் பறிக்கும். 2017இல் பிஎம்ஜே இதழ் வெளியிட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு, மாரடைப்பு ஆபத்து முதல் வாரத்திலேயே கூடத் தொடங்கலாம் என்றது. 24,081 பேரை வைத்து 2016இல் வெளியான பிரிசிஷன் சோதனையில், மிதமான அளவு செலெகாக்சிப், ஐபுபுரூஃபனையும் நாப்ராக்ஸனையும் விட மோசமாக இல்லை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் மருந்தை நடுவிலேயே நிறுத்திவிட்டனர் என்பது அந்த முடிவின் பலவீனம்.

இந்தியாவுக்கு இந்த விடையில் தனி முக்கியத்துவம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டைக்ளோஃபினாக் இல்லை. இந்தியாவின் 2022 தேசியப் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டன் 2015இல் டைக்ளோஃபினாக் மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தியது. இங்கே வலி என்றதும் முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் அதுவோ அதன் நெருங்கிய உறவான அசிக்ளோஃபினாக்கோதான். ஆயிரத்துக்கு மூன்று என்ற கணக்கும் சராசரி மனிதருக்கானது. ஏற்கெனவே சர்க்கரை நோயோ மாரடைப்போ உள்ளவருக்கு அந்த எண் கூடும். சுளுக்குக்கு மூன்று நாள் போடும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அது மிகச் சிறியது.

மூன்றாம் விடை: சிறுநீரகம்

வலி மாத்திரையால் சிறுநீரகம் கெடும் என்ற அச்சத்துக்கு முதல் ஆதாரம் 1953இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. ஃபெனாசிட்டின் கலந்த தலைவலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் தின்ற கடிகாரத் தொழிலாளர்களிடம் சிறுநீரகச் சிதைவு காணப்பட்டது. ஃபெனாசிட்டின் பிற்பாடு உலகெங்கும், 1980களில் இந்தியாவிலும், தடை செய்யப்பட்டது. இன்றைய அழற்சி நீக்கிகள் வேறு மருந்துகள். அவை கெடுக்கும் வழியும் வேறு.

காவிரிப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வழி எளிதில் புரியும். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் வரும் மடை ஒன்று, வெளியேறும் மடை ஒன்று. உடலில் நீர் குறையும்போது புரோஸ்டாகிளாண்டின் வரவு மடையை அகலத் திறந்து பிடிக்கிறது. ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் வெளியேறும் மடையை இறுக்குகிறது. இரண்டும் சேர்ந்து வடிகட்டும் அழுத்தத்தைக் காக்கின்றன. வலி மாத்திரை வரவு மடையைச் சுருக்குகிறது. எனலாபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் வெளியேறும் மடையைத் தளர்த்துகின்றன. சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை மொத்த நீரையே குறைக்கிறது. தனித்தனியே தாங்கக்கூடிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தால் வடிகட்டி திடீரென்று நின்றுபோகலாம். பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வந்த ஓர் ஆய்வு, மூன்றும் சேரும்போது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுவதாகவும், முதல் 30 நாட்களில் அந்தக் கூடுதல் 82 சதவீதம் வரை போவதாகவும் கண்டது.

இந்தச் சேர்க்கை திருச்சியில் அரிதாக இருக்க வாய்ப்பில்லை. 2021 மதிப்பீட்டின்படி தமிழக மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல விஷயம்தான். அந்த மாத்திரைகளோடு சொந்தப் பொறுப்பில் வாங்கிய வலி மாத்திரையும் அதே டப்பாவில் சேரும்போதுதான் சிக்கல். வலி மாத்திரை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அது தெரியாமல் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் நடக்கக்கூடியதே.

ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசியை எடுத்துக்கொள்வோம். பரமபத வாசல் திறப்புக்கு இரவெல்லாம் வரிசையில் நிற்கும் எழுபது வயதுக்காரர் அன்று உபவாசம். சிலர் தண்ணீரும் தொடுவதில்லை. காலையில் பிரஷர் மாத்திரையை விட மனமில்லை, ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்கிறார். நின்று நின்று முழங்கால் வீங்க, வலி மாத்திரையும் வெறும் வயிற்றில் இறங்குகிறது. நீர்ச்சத்துக் குறைவு, பிரஷர் மருந்து, வலி மருந்து மூன்றும் ஒரே நாளில் சந்திக்கின்றன. பெரும்பாலோர் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்புவார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏற்கெனவே விளிம்பில் இருப்பவருக்கு அந்த ஒரு நாள் போதும்.

வெயிலில் உழைப்பவர்களின் கதை வேறு. நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசியில் செங்கல் சூளையிலும் வாழைத் தோட்டத்திலும் வேர்த்து உழைத்துவிட்டு, மாலையில் உடம்புவலிக்கு மாத்திரை போடுவோர் உண்டு. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளிடம் காரணம் புரியாத சிறுநீரக நோய் ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் காணப்படுகிறது. தமிழகத்தின் வட பகுதியில் அதே போன்ற நிலையை 2020இல் மருத்துவர்கள் 'தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்' என்ற பெயரில் பதிவு செய்தனர். வெப்பம், நீர்ச்சத்து இழப்பு, குடிநீர், பூச்சிமருந்து, வலி மாத்திரை எனப் பல சந்தேகங்கள் பட்டியலில் உள்ளன. வலி மாத்திரை முதற்காரணமா, துணைக்காரணமா, கடும் உழைப்பின் வெறும் அடையாளமா என்பது தீரவில்லை. அதிகம் உழைப்பவருக்கு அதிகம் வலிக்கும், அவரே அதிகம் மாத்திரையும் போடுவார். இந்த முடிச்சை அவிழ்ப்பது கடினம். தொண்டைமண்டல முடிவை அப்படியே சோழமண்டலத்துக்குப் பொருத்துவதும் சரியாகாது.

கடை மேசையில்

"உடம்பு வலி, ஒரு செட் குடுங்க" என்றால் சில கடைகளில் சிறு காகிதக் கவரில் மூன்று நான்கு மாத்திரைகள் வெட்டிப் போட்டுத் தருவார்கள். ஒன்று அசிக்ளோஃபினாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்தது; ஒன்று வயிற்றுக்கு; ஒன்று சளிக்கோ அலர்ஜிக்கோ. சில நேரம் அதில் குட்டியாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். அட்டையை வெட்டும்போது பெயரும் சிவப்புக் கோடும் காலாவதி தேதியும் அட்டையின் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. மறுநாள் மருத்துவரிடம் போனால், "என்ன மாத்திரை போட்டீங்க?" என்ற கேள்விக்கு "வெள்ளையா ஒண்ணு, ஆரஞ்சா ஒண்ணு" என்பதற்கு மேல் சொல்ல இயலாது.

இந்த வழக்கத்தில் மூன்று ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, ஒரே மருந்து இருமுறை போவது: செட்டில் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் இருப்பது தெரியாமல், காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரையும் நாளுக்கு நான்கு வேளை போடுபவர் ஈரலின் தாங்கு எல்லையை நெருங்கிவிடுகிறார். இரண்டாவது, ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பை ரத்தக்கசிவின் ஆபத்து பல மடங்காகும். மூன்றாவது, டெங்கு. மழைக்காலக் காய்ச்சலும் உடம்புவலியும் டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எல்லாமே ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாரசிட்டமால் மட்டுமே என்பது ஏற்கப்பட்ட விதி.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது பொருந்தாது. கூலி வேலைக்காரருக்கு மருத்துவமனை வரிசை என்பது ஒரு நாள் சம்பளம். கடை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. செட் மாத்திரை ஒரு மருத்துவ இடைவெளியை நிரப்புகிறது. அந்த இடைவெளியை மூடாமல் செட்டை மட்டும் ஒழிக்க முடியுமா என்பது ஐயமே.

சட்டத்தின் விடை

டைக்ளோஃபினாக் உள்ளிட்டவை அட்டவணை எச் மருந்துகள்; மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. நடைமுறை எப்படி என்பது ஊருக்கே தெரியும். சீட்டில்லாமல் விற்கலாம் என்று சட்டம் தெளிவாக வகுத்த தனிப் பட்டியலும் இந்தியாவில் இல்லாததால், பாதுகாப்பான குறுகிய காலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தவும் வழியில்லாமல் போகிறது.

இதுவரை அரசு அதிகம் கையாண்ட ஆயுதம் தடை. ஃபின்லாந்திலும் ஸ்பெயினிலும் 2002இல் விற்பனை நின்ற நிமிசுலைடு, இந்தியாவில் 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011இல்தான் தடை செய்யப்பட்டது. 2024 ஆகஸ்டில் தடை செய்யப்பட்ட 156 கூட்டு மருந்துகளில் அசிக்ளோஃபினாக் 50, பாரசிட்டமால் 125 மில்லிகிராம் சேர்க்கையும் உண்டு. கடைகளில் பரவலாக ஓடும் 100–325 சேர்க்கை அதில் இல்லை. 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்துநூல் ஆணையம், மெஃபனாமிக் அமிலத்தால் அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பற்றி எச்சரித்தது. மாதவிடாய் வலிக்கு அதைப் போடும் பெண்கள் பலர் பயந்துபோனார்கள். அரிய ஒவ்வாமைக்குக் கிடைத்த இந்தக் கவனம், அன்றாடம் நடக்கக்கூடிய சிறுநீரக, இரைப்பைப் பாதிப்புக்குக் கிடைக்கவில்லை.

ஒரே மருந்து பாறுக் கழுகுகளைக் கொன்ற வரலாறும் இங்கே பொருந்தும். டைக்ளோஃபினாக் கொடுத்த மாட்டின் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிவதை 2004இல் ஆய்வாளர்கள் நிறுவினர். 2006இல் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது. மனிதருக்கான ஊசிக் குப்பியின் அளவு 2015இல் 3 மில்லியாகச் சுருக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. காரணமும் விளைவும் தெளிவாக இருந்தால் சட்டம் செயல்படும் என்பதற்கு இது சான்று. மனித உடலில் காரணங்கள் பல. அதனால் சட்டம் தயங்குகிறது.

மாற்று வழிகள் எவ்வளவு தாங்கும்?

'பாரசிட்டமால் போடுங்க, பயமில்லை' என்பது எளிய அறிவுரை. சிறுநீரக நோயாளிக்கும் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவருக்கும் அது சரியே. பலன் எவ்வளவு என்பதில்தான் சிக்கல்: மூட்டுத் தேய்மானத்தில் அதன் பயன் சொற்பம் என்று 2017இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வு சொன்னது, இடுப்புப் பிடிப்பில் வெறும் மாத்திரையை விட மேலல்ல என்று 2014இன் ஆஸ்திரேலியச் சோதனை சொன்னது.

மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கு ஆதாரம் ஓரளவு நல்லது. ஒரு முழங்காலில் முறைப்படி தடவினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரை அளவில் ஏறத்தாழ 6 சதவீதமே. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை அடிப்படையாகவும், ஜெல்லை முதல் மருந்தாகவும் வைத்தது. இடுப்பு வலிக்கோ உடம்பு முழுக்க வலிப்பவருக்கோ ஜெல் பெரிதாக உதவாது.

சித்த, ஆயுர்வேதத் தைலங்கள் பலருக்கு இதம் தருகின்றன. மஞ்சள், குங்கிலியம் போன்றவற்றில் நடந்த சோதனைகள் நம்பிக்கை தந்தாலும் சிறியவை, குறுகியவை. இங்கே பெரிய ஆபத்து மூலிகையைவிடப் போலியில் இருக்கிறது. 'மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி' என்று லேபிள் இல்லாமல் விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டும் அழற்சி நீக்கியும் கலந்திருப்பது ஆய்வக சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலி மாயமாக மறைந்தால் சந்தேகப்படுவது நல்லது.

இயன்முறை மருத்துவத்துக்கும் தொடைத் தசைப் பயிற்சிக்கும் பக்கவிளைவு மிகக் குறைவு. பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்பதே அவற்றின் குறை. நாளை மூட்டை தூக்க வேண்டியவருக்கு வாரக்கணக்கு உதவாது.

கருத்து ஒற்றுமை உள்ள இடம்

விவாதங்களுக்கு நடுவே சில விஷயங்களில் பெரிய பிளவு இல்லை. சிறுநீரகக் கல் வலி, மாதவிடாய் வலி, கவுட் வீக்கம், முதுகெலும்பு அழற்சி ஆகியவற்றில் இம்மருந்துகள் உண்மையாகவே பலன் தருகின்றன. குறைந்த அளவு, குறைந்த நாட்கள் என்பது பொது விதி. ஒரே நேரத்தில் இரண்டு அழற்சி நீக்கிகள் கூடாது. கிரியேட்டினின் கூடியவர்கள், அதாவது 'உப்பு ஏறியிருக்கு' என்று சொல்லப்பட்டவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வலி மாத்திரையால் ஆஸ்துமா தூண்டப்படுபவர்கள் இவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துத் துறை 2020இல் அறிவுறுத்தியது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர் ஐபுபுரூஃபன் போட்டால் ஆஸ்பிரினின் காவல் குறையலாம். வாந்தி, பேதி, உபவாசம், கடும் வெயில் உள்ள நாட்களில் வலி மாத்திரையைத் தள்ளிவைப்பது நல்லது. தொடர்ந்து தேவைப்படுபவர் ரத்த அழுத்தத்தையும் கிரியேட்டினினையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீராமல் நிற்பவை

மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க உடல்களிலிருந்து வந்தவை. இளவயதிலேயே சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும் தமிழக மக்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி. சோதனைகளில் பங்கேற்பவர் ஒரு மருந்தை அளவோடு விழுங்குகிறார், மருத்துவர் கண்காணிக்கிறார். செட் மாத்திரையை விட்டுவிட்டுப் போடுபவரின் ஆபத்தை அந்தச் சோதனைகள் அளப்பதில்லை. வெப்பமும் வலி மாத்திரையும் சேர்ந்து உழைப்பாளியின் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கின்றனவா என்பதற்கு, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள்தாம் விடை தர முடியும். எட்டோரிகாக்சிப், அசிக்ளோஃபினாக் போன்று இங்கே அதிகம் விற்பவற்றுக்கு, நாப்ராக்ஸனுக்கும் செலெகாக்சிப்புக்கும் உள்ள அளவு நீண்டகால ஆதாரம் சேரவில்லை. சீட்டு விதியை இறுக்குவதா, குறுகிய காலத்துக்குச் சில மருந்துகளை முறைப்படி திறந்துவிட்டு மருந்தாளுநரிடம் பொறுப்பைத் தருவதா என்ற கொள்கைக் கேள்வியிலும் இரு பக்கமும் நியாயம் உண்டு.

இவை தீரும்வரை, 'போடலாமா, கூடாதா' என்ற பொதுக் கேள்விக்கு நேர்மையான ஒற்றை விடை கிடைக்க வாய்ப்பில்லை. ஆரோக்கியமான இளைஞருக்கு மூன்று நாள் ஐபுபுரூஃபனை மறுப்பது தேவையற்ற அச்சம். எனலாபிரிலும் சிறுநீர் மாத்திரையும் சாப்பிடும் முதியவருக்கு அதையே சீட்டில்லாமல் தருவது தவிர்க்கக்கூடிய ஆபத்து. இரண்டையும் பிரித்தறியப் புதிய மருந்தோ பெரிய செலவோ தேவையில்லை. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கிரியேட்டினின் எப்போது பார்த்தீர்கள், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கடை மேசையிலும், வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் வழக்கமாக்கினால் எவ்வளவு பாதிப்பு குறையும் என்பதையும் அளந்துதான் பார்க்க வேண்டும். இப்போதுள்ள ஆதாரத்தை வைத்துச் சொன்னால், அது முயன்று பார்க்கத் தக்க வழி.